படத்தில் இருக்கும் ஆளைத் தெரியாது

தெரியாதாம். மரியதாஸ் அண்ணைக்கு ஒன்றுமே தெரியாதாம். பாமதி பிளாஸ்டிக் கதிரையின் நுனிக்கு வந்து, பக்கத்து அறையில் உருண்டுகொண்டிருந்த துணி உலர்த்தும் மெஷினின் இரைச்சலையும் மீறிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அரைகுறையாகச் சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஹெதர், தலைமை அலுவலகத்திலிருந்து ஆங்கிலம் சோதிக்க வந்திருந்த வெள்ளைக்காரப் பெண், குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் படத்தில் இருக்கிற ஆள் என்ன செய்கிறார்? "ஐ டோன்ட் நோ." இந்தப் பெண் என்ன செய்கிறார்? "ஐ டோன்ட் நோ." இவர்கள் வீட்டில் இருக்கிறார்களா, பூங்காவில் இருக்கிறார்களா? "ஐ டோன்ட் நோ, மேடம்." அந்த மேடம் ஒன்றுதான் குறைச்சல். போன கிழமை இதே மனிதர்தான் வகுப்பு நடுவில் எழும்பி நின்று, மருமகன் பார்பிக்யூ அடுப்பில் கோழியைக் கரியாக்கிய கதையை முழுக்க ஆங்கிலத்தில், புகைக்குத் தும்மியும் காட்டி, எல்லாரையும் வயிறு நோகச் சிரிக்கவைத்தவர். இன்றைக்கு அவருக்குப் பூங்கா எது, வீடு எது என்று தெரியவில்லை. பாமதிக்கு எழும்பிப் போய் அந்தக் கதவில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டினால் ஹெதர் கதவைத் திறந்து "ஆர் யூ ஓகே" என்று கேட்பாள், அதற்கும் ஒரு மறுமொழி சொல்லவேண்டி வரும். சோதனை முடியும் வரைக்கும் ஆசிரியர் உள்ளே வரக்கூடாது என்பது விதி. ஆகவே இந்த விறாந்தை, இந்தக் கதிரை, துவைத்த துணியின் செயற்கை மல்லிகை வாசம், ஆறிப்போன தேத்தண்ணி.

ஒருவர் போதும் என்றுதான் சொன்னார்கள். பத்துப் பேர் கேட்டார்களா, ஐந்து பேர் கேட்டார்களா, ஒரே ஒருவர். இந்தத் தவணை ஒரே ஒருவராவது அடுத்த படிக்குப் போனால் வகுப்பு இங்கேயே தொடரலாம். இல்லாவிட்டால் இதை மூடிவிட்டு எல்லாரையும் பெரிய நிலையத்தோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு பஸ். அதிலும் இரண்டாவது பஸ் வரும் இடத்தில் ஒதுங்கி நிற்க ஒரு கூரை கிடையாது. கனடாவில், ஸ்காபரோவின் பனியில், முழங்கால் வருத்தத்தோடு, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, யார் போவார்கள்? ஒருவரும் போகமாட்டார்கள். முதல் கிழமை போவார்கள், இரண்டாம் கிழமை தடிமன், காய்ச்சல் என்பார்கள், மூன்றாம் கிழமை மகளுக்கு நேரமில்லை என்பார்கள், பிறகு நிலவறைக்குள் இறங்கி டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான், இனி அடுத்த முறை அவர்களைக் காண்பது யாருடைய செத்தவீட்டிலாவதுதான். இந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பார்ட்டி ரூமைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தவள் பாமதி. பிறந்தநாள் பலூன்கள் பாதி காற்றோடு கூரையில் ஒட்டிக் கிடக்க, கேக் கிறீம் பூசின மேசைகளைத் துடைத்துத் துடைத்து, அதில் ஆங்கிலம் நடத்தியவள் பாமதி. மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தாள். டொக்டரிடம் போய், மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்காமலே, எங்கே நோகிறது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தாள். தொண்டைத் தண்ணி வற்றியது. எல்லாம் எதற்கு? விடிய எழும்பித் தலைவாரிச் சட்டை மினுக்கிப் போட்டு வந்து, "ஐ டோன்ட் நோ மேடம்" என்று சொல்வதற்கு. நேற்றுக்கூடத் திரும்பத் திரும்பச் சொன்னாளே, பயப்படாதீர்கள், அவ நல்லவ, சும்மா கதையுங்கோ, பிழை விட்டாலும் பரவாயில்லை, வாயைத் திறந்தால் போதும் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். இந்த மனிதர்கள் உடனே தலையாட்டினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவளும் அதே ஆட்களில் ஒருத்திதானே.

கதவு திறந்தது. மரியதாஸ் அண்ணை வெளியே வந்தார். தோல்வியடைந்த ஆள் மாதிரி வரவில்லை, கலியாணவீட்டில் மாப்பிள்ளைத் தோழன் வருவது போல, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ஊரில் லொறி ஓட்டியவர்; எந்த வீதியில் எந்த நேரம் எத்தனை சோதனைச்சாவடி என்பது அவருக்கு மனப்பாடம். கதவைத் தனக்குப் பின்னால் பவ்வியமாகச் சாத்திவிட்டு, விறாந்தையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதுக்குள் சொன்னார்.

"ஒண்டும் குடுக்கேல்லை, டீச்சர்."

"என்ன குடுக்கேல்லை?"

"மாத்தி மாத்திக் கேட்டவ. சிரிச்சுச் சிரிச்சும் கேட்டவ. நான் ஒரே சொல்லிலை நிண்டிட்டன்."

"அண்ணை, அவ பொலிஸ் இல்லை. உங்களுக்கு இங்கிலீசு வருமோ எண்டு பாக்க வந்தவ. எத்தினை தரம் சொன்னனான்?"

"அப்பிடித்தான் சொல்லுவினம்."

"படத்திலை என்ன இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஏன் தெரியாது? பார்க்கிலை குடும்பமா இருக்கினம். அந்தப் பெடியன் வத்தகப்பழம் வெட்டுறான். அதுவும் பிழையா வெட்டுறான், கையை அறுக்கப்போறான்."

"பிறகேன் சொல்லேல்லை?" பாமதியின் குரல் உயர்ந்துவிட்டது. துணிக்கூடையோடு போன ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

மரியதாஸ் அண்ணை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இவ்வளவு படித்த பிள்ளைக்கு இதுகூட விளங்கவில்லையே என்ற பரிதாபம். "டீச்சர், அவன் ஆர் பெத்த பிள்ளையோ. படத்தைக் கொண்டுவந்து காட்டி இவன் ஆர், என்ன செய்யிறான், கையிலை என்ன வைச்சிருக்கிறான் எண்டு ஒராள் கேட்டால், நான் ஏன் வாய் குடுக்கவேணும்? நான் ஒண்டு சொல்லப்போய் அவனுக்கொரு கரைச்சல் வந்தால்?" சொல்லிவிட்டு, தேத்தண்ணி இருக்கோ என்று கேட்டுக்கொண்டே வகுப்பறைக்குள் போய்விட்டார். பாமதி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வத்தகப்பழம் வெட்டுகிறவனைக் காட்டிக்கொடுக்கக்கூடாதாம். சோதனைத்தாளில் அச்சடித்த, எவனோ ஒரு விளம்பரக் கம்பனிக்குப் பல்லைக் காட்டி நின்ற அந்த வெள்ளைக்காரனைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறார் மரியதாஸ் அண்ணை. அவன் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பான். மூடப்போவது இவளுடைய வகுப்பு.

அடுத்தது சண்முகவடிவு அக்கா போனார். அதே படம், அதே கேள்வி, அதே மறுமொழி. கூடுதலாக, கண்ணாடி கொண்டுவரவில்லை என்ற பொய். கண்ணாடி அவர் கழுத்தில் சங்கிலியோடு தொங்குகிறதே, ஹெதர் பார்க்கமாட்டாளா? பார்த்திருப்பாள். பார்த்தும் சிரித்திருப்பாள். பாமதி தன் நெற்றியைத் தேய்த்தாள். படத்தைக் காட்டி இவன் ஆர் என்று கேட்டால். அண்ணை சொன்ன அந்த வசனம் பல்லிடுக்கில் சிக்கின தும்பு மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. நாக்கு போய்ப் போய் அங்கேயே நின்றது. படத்தைக் காட்டி. ஊரில், கொக்குவில் வீட்டில் அம்மா அலுமாரிக்குள்ளிருந்து அல்பத்தை எடுத்துப் பாயில் போட்டது ஞாபகம் வந்தது. வரவேண்டும் என்று அவள் கேட்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது. பாமதிக்கு அப்போது பாவாடை சட்டை வயது. விளக்கு வைத்த பிறகு அம்மா, ஆமி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பழக்க, மூன்று பிள்ளைகளையும் வரிசையாக இருத்திவிட்டு, குகன் அண்ணாவின் படத்தை முகத்துக்கு நேரே நீட்டுவா. இது ஆர்? தெரியாது. வடிவாப் பார், இது ஆர்? தெரியாது. உன்ரை அண்ணா எங்கை? கொழும்பிலை படிக்கிறார். எப்ப கடைசியாக் கண்டனி? ஞாபகமில்லை. ஞாபகமில்லை எண்டு சொல்லாதை, தெரியாது எண்டு சொல்லு, ஞாபகமில்லை எண்டால் ஞாபகப்படுத்தப் பாப்பாங்கள். தெரியாது. திரும்பச் சொல்லு. தெரியாது. சேர்ந்து சொல்லுங்கோ. தெரியாது. தங்கச்சிக்குச் சிரிப்பு வந்து ஒருநாள் அடி வாங்கினாள். அதுதான் முதல் பாடம். இரண்டாவது பாடம், தெருவில் யாரையாவது தனியாகக் கூப்பிட்டு இருத்திவிட்டார்கள் என்றால், நின்று பார்க்கக்கூடாது, ஓடவும் கூடாது. பெண்கள் எல்லாரும் போய்ச் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கத்தவேண்டும், அவன் நல்லவன், எங்கட பிள்ளை, இப்பதான் கடைக்கு வந்தவன் என்று, கேட்கிறவனுக்குக் காது புளித்துப்போகும் வரைக்கும். அம்மாவின் பாடம் வீண்போகவில்லை. குகன் அண்ணா இன்றைக்குப் பாரிசில் தலை வழுக்கையாகி, காலமை காலமை வட்ஸ்அப்பில் ஒரு பகிடி அனுப்பிக்கொண்டிருக்கிறார், ஒன்றும் சிரிப்பு வராத பகிடி. பாமதி இந்த ஊரில் காசு கட்டி, பெரியவர்களுக்கு மொழி கற்பிக்கும் டிப்ளோமா படித்தபோது, கூட்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை என்று ஒன்றை ஏதோ புதுக் கண்டுபிடிப்புப் போலச் சொல்லித் தந்தார்கள். அவள் கொட்டாவி விட்டாள். அதெல்லாம் அவள் பாயில் இருந்தே படித்தாயிற்று.

உன் பெயர் என்ன? எந்த ஊர்? இப்போது எங்கே இருக்கிறாய்? வீட்டில் எத்தனை பேர்? உன் கணவர் எங்கே வேலை செய்கிறார்? நேற்றுப் பின்னேரம் எங்கே போனாய்? யாரோடு போனாய்? நாளைக்கு எங்கே போகப்போகிறாய்? ஐயோ, கடவுளே. பாமதி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடப்புத்தகத்தின் முதல் பாடங்கள் முழுக்க இதுதானே. தொடக்கநிலை ஆங்கிலம் என்பதே மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரன் கேட்ட கேள்விகள்தானே. இத்தனை வருஷமாக அதே கேள்விகளை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள், அவளுக்கு ஒருநாளாவது உறைத்ததா? உறைக்கவில்லை, ஏனென்றால் வகுப்பில் அவர்கள் மறுமொழி சொன்னார்கள். கேத்தல் கொதிக்கும், யாராவது கடலைவடை கொண்டுவந்திருப்பார்கள், பாமதி முதலில் தன் கதையைச் சொல்லுவாள், நேற்று நான் நோ ஃப்ரில்ஸ் கடைக்குப் போனேன், கத்தரிக்காய் வாங்கினேன், உள்ளே புழு, என்று. பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொல்லுவார்கள். இன்றைக்குக் கழுத்தில் அட்டை தொங்கும் ஒருத்தி, சின்ன அறை, ஒரு மேசை, ஒரு படம், ஒருவர் ஒருவராகக் கூப்பிடுகிறாள், வெளியே வந்தவர் உள்ளே போகிறவரோடு கதைக்கக்கூடாது என்றுகூட ஒரு விதி. வேறென்ன சொல்லுவார்கள்? இதுதான் சரியான மறுமொழி. அவர்களுக்குத் தெரிந்த சோதனைகளிலே இதற்குத்தான் புள்ளி. விளங்கியதும் கோபம் குறையும் என்று சொல்வார்களே, அது சுத்தப் பொய். பாமதிக்குக் கோபம் கூடியது. விளங்கி என்ன செய்வது? விளக்கத்தை வைத்துக்கொண்டு வகுப்பை நடத்த ஏலுமா? ஹெதரின் தாளில் விளக்கத்துக்குப் பெட்டி இருக்கிறதா?

மற்றவர்களும் அதே மறுமொழியோடு வந்துவிட, மிச்சமாக இருந்தது தவமலர் அக்கா மட்டும். பாமதியின் நம்பிக்கை முழுக்க அவர் மேல்தான், முதலிலிருந்தே அவர் மேல்தான். முல்லைத்தீவுப் பக்கம், தோட்டம் செய்தவர், ஊரில் பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவர், கனடாவுக்கு வந்து, தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே நேரத்தில் பழகினவர். போன மாரியில், நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த சிக்னலில் துரத்திப் பிடித்து, ட்ரைவரை ஆங்கிலத்தில் ஏசினார், பஸ் முழுக்கக் கேட்டது. அவன் மன்னிப்புக் கேட்டானாம். ஒரே ஒரு குறை. வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்ற பாடம் வந்தால், இவருக்கு உடனே தேத்தண்ணி போடவேண்டும், அல்லது வெளியே போகவேண்டும், அல்லது பென்சில் முறிந்துவிடும். மகளின் பெயரைச் சொல்லுவார், மகளின் வேலையைச் சொல்லுவார், எத்தனை என்ற இலக்கத்தை மட்டும் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் மூன்றே மூன்று எழுத்துச் சொல், அதைக்கூடச் சொல்ல மாட்டாராம் என்று பாமதி எத்தனை தரம் எரிச்சல்பட்டிருக்கிறாள்.

பாமதி அவரை விறாந்தையில் மறித்தாள். கையைப் பிடித்தாள். விதியாவது மண்ணாவது.

"அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உள்ளுக்கை இருக்கிறது ஆமி இல்லை. படத்திலை இருக்கிறவன் ஆரெண்டு ஒருத்தருக்கும் கவலை இல்லை. என்ன செய்யிறான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி இந்த வகுப்பை மூடிப்போடுவினம். விளங்குதோ?"

"ஓம் டீச்சர்."

"தலையை ஆட்டாதையுங்கோ. விளங்குதோ எண்டு கேட்டனான்."

"விளங்குது பிள்ளை. கையை விடுங்கோ, நோகுது."

அப்போதுதான் அவருடைய கையை நெரித்துக்கொண்டிருப்பது பாமதிக்குத் தெரிந்தது. ஹெதர் கதவைச் சாத்தினாள், இந்த முறையும் முழுதாகச் சாத்தவில்லை. உன் பெயர் என்ன? மை நேம் இஸ் தவமலர். நல்லது. எங்கே வசிக்கிறீர்கள்? ஐ லிவ் இன் ஸ்காபரோ, மை டாட்டர் ஹவுஸ். நல்லது, மிக நல்லது. இங்கே குளிரா? வெரி கோல்ட், மை நீ பெயின். பாமதி ஒரு கையால் தன் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நோவு அவளுக்கே வந்தது போல. போங்கள் அக்கா, போங்கள், இப்படியே போங்கள். உலர்த்தும் மெஷின் நின்று, யாரோ துணியை அள்ளினார்கள், விறாந்தை திடீரென்று அமைதியானது, உள்ளே ஹெதரின் குரல் பக்கத்தில் கேட்பது போலத் தெளிவாகக் கேட்டது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், தவமலர்? ஒன்று என்று சொல்லுங்கள். சும்மா ஒன்று என்று சொல்லிவிடுங்கள், மகள் மட்டும்தானே கனடாவில், யார் போய் எண்ணப்போகிறார்கள். ஹெதர் மெல்லத் திரும்பக் கேட்டாள். "ஐ டோன்ட் நோ," என்றார் தவமலர் அக்கா. பாமதி பல்லைக் கடித்தாள், வாய்க்குள் ஏச்சு வந்துவிட்டது, வந்து பாதியில் நின்றது. இது மரியதாஸ் அண்ணையின் தெரியாது இல்லை. அம்மா பாயில் வைத்துப் பழக்கின தெரியாதும் இல்லை. மகளோடு கூட ஒரு மகனும் இருந்தான் என்று எப்போதோ யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசி யுத்தத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், ஆமியிடம் ஒப்படைக்கச் சொன்ன இடத்தில் பஸ்ஸில் ஏறியவன், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லாதவன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அந்தத் தாய் என்ன சொல்லுவாள்? ஒன்று என்று சொன்னால் தன் வாயாலேயே அவனைக் கொன்றதாகும். இரண்டு என்று சொன்னால் மற்றது எங்கே என்று கேட்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. இதைப் போய்ப் பென்சில் முறிகிறது என்று எரிச்சல்பட்டாளே பாமதி. பிறகு படம் வந்தது, இந்த மனிதன் என்ன செய்கிறான் என்ற கேள்வி வந்தது, தவமலர் அக்கா அதற்கும் தெரியாது என்றார், அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் தெரியாது என்றார். பாமதி கோப்பையைத் தரையில் வைத்தாள். தேத்தண்ணி சிந்தியது. துடைக்கவில்லை.

தவமலர் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வர, பின்னால் ஹெதர் வந்தாள். கழுத்தில் அட்டை, கையில் பேனா, கண்ணில் உண்மையான வருத்தம். நல்ல பெண், அதுதான் கரைச்சலே. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். தேத்தண்ணியோடு மரியதாஸ் அண்ணையும் வகுப்பறை வாசலுக்கு வந்து நின்றார். ஹெதர் தாழ்ந்த குரலில் கேட்டாள்: எல்லாரும் மிகவும் நல்லவர்கள், ஆனால் ஒருவராலும் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்ல முடியவில்லை, ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா? பாமதிக்குத் தெரியும். இந்த விறாந்தையில், இந்த நாட்டில், அதற்கு மறுமொழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். முழு விளக்கமும் நாக்கு நுனியில், சுத்தமான ஆங்கிலத்தில், டிப்ளோமாச் சொற்களோடு அடுக்கி இருந்தது. கழுத்தட்டை கண்ணுக்கு நேரே ஆடியது. பேனா காத்திருந்தது. அவள் வாய் திறந்தது.

"ஐ டோன்ட் நோ," என்றாள் பாமதி.

ஹெதர் தலையசைத்தாள், பரவாயில்லை என்றாள், பையை எடுக்க அறைக்குள் திரும்பிப் போனாள். பாமதிக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. சொன்னது யார்? பாயில் இருந்த அந்தப் பாவாடை சட்டைக்காரி இவ்வளவு காலமும் இவளுக்குள்ளே எங்கே ஒளிந்திருந்தாள்? தோளில் ஒரு கை விழுந்தது. தவமலர் அக்கா.

"நல்லாச் சொன்னீங்கள், டீச்சர்," என்றார் மெல்ல. வாசலில் நின்ற மரியதாஸ் அண்ணையும் கோப்பையை உயர்த்தித் தலையாட்டினார். இந்தத் தலையாட்டலில் முழு மதிப்பு இருந்தது. தங்கள் பிள்ளை சோதனையில் தேறிவிட்டது என்ற பெருமை இருந்தது.

அதுதான் பாமதியால் தாங்க முடியாமல் போனது. மற்ற எதையும் தாங்கியிருப்பாள். அவள் தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சோதிக்கப்படுகிறவர் இருக்கும் கதிரையிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். எனக்குத் தெரியும், என்றாள் ஆங்கிலத்தில், தெரியாது என்று சொன்னேன், பொய், எனக்குத் தெரியும். கை மேசையில் அடித்தது, அடுக்கி வைத்திருந்த டிப்ளோமாச் சொற்கள் ஒன்றுமே வரவில்லை, கண்ணீர்தான் வந்தது, சனியன், இப்போதா வரவேண்டும். ஹெதர் பயந்துபோய் எதிரே உட்கார்ந்தாள், பேனாவை எடுத்தாள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள், என்றாள், ஆறுதலாக ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வாசலில் நின்று பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதைப் பாமதி பிறகுதான் யோசித்தாள்: சின்ன அறை, ஒரு மேசை, கழுத்தட்டைக்காரி பேனாவோடு, எதிரே தனியாக இருத்தப்பட்டு அழுகிற எங்கட பிள்ளை.

தவமலர் அக்கா உள்ளே வந்தார். நடந்து வரவில்லை, பஸ்ஸைத் துரத்தினது போல வந்தார். பாமதியின் கதிரைக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றார். "டீச்சர் குட்," என்றார் பெரிய சத்தத்தில். "டீச்சர் நோ ப்ராப்ளம். டீச்சர் ஈச் வீக் கம். ஸ்நோ கம், டீச்சர் கம். ஷி டீச் மெடிசின், டைம், டொக்டர், ஓல் டீச். யூ நோ ஆஸ்க் டீச்சர். ஆஸ்க் மீ. ஐ நோ." ஹெதர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், விடவில்லை. மேசையில் கிடந்த படத்தை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "திஸ் மேன் கட்டிங் வாட்டர்மெலன். நொட் குட் கட்டிங். திஸ் லேடி இஸ் ஹிஸ் வைஃப், ஷி இஸ் லாஃபிங், பிகோஸ் ஹி இஸ் ஸ்டூபிட். திஸ் பொய் வோன்ட் டு ஈட். இட் இஸ் பார்க். இட் இஸ் சமர். நோபடி இஸ் பேட். ஓகே?" பின்னால் மரியதாஸ் அண்ணையும் உள்ளே புகுந்து, தன் பங்குக்கு, "நைஃப் டேஞ்சர், மேடம், ஹி கட் ஹிஸ் ஃபிங்கர், ஐ டோல்ட் டீச்சர்," என்று கத்தினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், காது புளிக்கிற மாதிரி. ஹெதர் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். பாமதி அவர்களுடைய முதுகுக்குப் பின்னால், மூக்கைத் துடைக்க ஒன்றும் இல்லாமல், இதை, கடவுளே, இதை அரைமணித்தியாலத்துக்கு முதல் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இருந்தாள்.

தவமலர் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. படத்தை மேசையில் வைத்தார். அதில் இருந்த சின்னப் பையனின் மேல் விரல் நின்றது.

"யூ ஆஸ்க் மீ, ஹவ் மெனி சில்ட்ரன்," என்றார், இப்போது சத்தமில்லாமல். "டூ. வன் டாட்டர். வன் சன். சன், வேர், ஐ டோன்ட் நோ. பட் டூ."

ஹெதரின் கண் கலங்கிவிட்டது, பேனா கையில் அப்படியே நின்றது. பாமதி அந்தப் பேனாவையே பார்த்தாள். ஒருவர் போதும், ஒரே ஒருவர், இதோ வசனம் வசனமாகச் சொல்லிவிட்டு நிற்கிறார், ஹெதரோ எழுதாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

"எழுதுங்கோவன்!" என்று பாமதி தமிழிலேயே அதட்டினாள்.

ஒரு சொல்லும் விளங்காத ஹெதர், உடனே குனிந்து எழுதத் தொடங்கினாள்.